எல்லாம் வீட்டைப் பொறுத்ததுதானா? பள்ளி, ஆசிரியர், குடும்பம் பற்றிய ஒரு விளக்கம்

தேர்வு முடிவுகளோ, மாணவர்களின் கற்றல் நிலை பற்றிய கணக்கெடுப்போ வெளிவரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழும். ஒன்று, "பள்ளியில் ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பதில்லை." இன்னொன்று, "வீட்டில் பிள்ளையைக் கவனிப்பதில்லை." முதலாவதைப் பெற்றோர் சொல்வார்கள், இரண்டாவதை ஆசிரியர்கள் சொல்வார்கள். பேச்சு முற்றும்போது யாராவது ஒருவர் நடுவில் புகுந்து, "ஒரு பிள்ளை எப்படிப் படிக்கும் என்பதைக் குடும்பம்தான் தீர்மானிக்கிறது, பள்ளிக்கு அதில் பெரிய பங்கில்லை என்று ஆய்வே சொல்லிவிட்டதே" என்பார். அதோடு பேச்சு அடங்கிவிடும்.

இது பாதி உண்மை. பாதி உண்மை என்பதால்தான் இத்தனை சேதம் செய்கிறது. பொதுப் பள்ளி ஆசிரியர் இதை நம்பினால், "நான் என்ன செய்து என்ன" என்று சோர்ந்துபோகிறார். வசதியில்லாத பெற்றோர் நம்பினால் குற்ற உணர்வு வந்துவிடுகிறது. நிதி ஒதுக்கும் இடத்தில் இருப்பவர் நம்பினால், பள்ளிக்குப் போகும் பணத்தைக் குறைக்க ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. அதனால் அந்த ஆய்வு எது, அது என்ன சொன்னது, என்ன சொல்லவில்லை என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

பொதுப் பள்ளி என்று இங்கே சொல்வது, மக்களின் வரிப்பணத்தில் நடக்கிற, கட்டணம் கேட்காத, வாசலுக்கு வரும் எந்தப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்கிற பள்ளியை. கடைசிக் குணம்தான் முக்கியமானது. பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் உரிமை இல்லாத பள்ளி என்பதால், வீட்டில் இருப்பதும் இல்லாததும் அப்படியே வகுப்புக்குள் வந்து உட்காரும்.

முதலில் நேரக் கணக்கு

ஆண்டுக்கு 200 நாள் பள்ளி, நாளுக்கு 6 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,200 மணி நேரம். பிள்ளை நாளுக்கு 10 மணி நேரம் தூங்கினால், விழித்திருக்கும் நேரம் ஆண்டுக்கு 5,110 மணி. ஆக, விழித்திருக்கும் நேரத்தில் பள்ளிக்குக் கிடைப்பது கால்வாசிக்கும் சற்றுக் குறைவு. இது போக, பள்ளியில் சேருவதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகள் முழுக்க வீட்டுக்கே சொந்தம்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் "அப்படியானால் வீடுதான் எல்லாம்" என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். நேரம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அந்த நேரத்தில் நடக்கும் வேலையை வேறு யாராவது செய்ய முடியுமா என்பது வேறு கேள்வி.

'குடும்பம்தான்' என்ற பேச்சு எங்கே தொடங்கியது

1964இல் அமெரிக்காவில் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. இனம், நிறம் காரணமாகப் பிள்ளைகளுக்குக் கல்வி வாய்ப்பில் எவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்று கணக்கெடுக்கும்படி அந்தச் சட்டமே கேட்டிருந்தது. பொறுப்பு ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் தலைமையிலான குழுவிடம் போனது. சுமார் 4,000 பள்ளிகள், 60,000 ஆசிரியர்கள், 6 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள். அதுவரை அந்த அளவில் யாரும் செய்யாத வேலை. அறிக்கை 1966 ஜூலையில் வெளிவந்தது.

எல்லோரும் எதிர்பார்த்தது ஒன்று. கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் நூலகமும் ஆய்வகமும் மோசமாக இருக்கும், மதிப்பெண் குறைவதற்கு அதுவே காரணமாகத் தெரியவரும் என்று நினைத்தார்கள். வந்தது வேறு. கட்டடம், நூலகம், ஒரு மாணவருக்கு ஆகும் செலவு ஆகியவற்றுக்கும் மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு பலவீனமாக இருந்தது. பெற்றோரின் படிப்பு, வருமானம், வீட்டுச் சூழல் ஆகியவற்றோடு இருந்த தொடர்பு வலுவாக இருந்தது. மதிப்பெண் வித்தியாசத்தின் பெரும் பகுதி பள்ளிக்குப் பள்ளி இருந்த வித்தியாசமும் அல்ல. ஒரே பள்ளிக்குள், ஒரே மாதிரி வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு இடையே இருந்த வித்தியாசம்.

செய்தியாக ஊருக்குப் போனது இந்தப் பகுதிதான். அதே அறிக்கையில் இன்னும் மூன்று விஷயங்கள் இருந்தன. அவை அவ்வளவாகப் பேசப்படவில்லை.

1. பள்ளி சார்ந்த விஷயங்களில் கட்டடத்தை விட ஆசிரியரின் தரத்துக்கு அதிகத் தொடர்பு இருந்தது. வசதி குறைந்த பிள்ளைகளிடம் அந்தத் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது.

2. கூடப் படிக்கும் பிள்ளைகளின் பின்னணி, படிப்பைப் பாதித்தது. வசதி குறைந்தவர்களை எல்லாம் ஒரே பள்ளியில் ஒதுக்கி வைத்தால் நட்டம் கூடுகிறது என்பதே இதன் பொருள்.

3. "நான் முயன்றால் என் நிலை மாறும்" என்று ஒரு பிள்ளை நம்புகிறதா இல்லையா என்பதற்கும் மதிப்பெண்ணுக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது.

மூன்றையும் படித்தால், "பள்ளியால் ஒன்றும் ஆகாது" என்று அந்த அறிக்கை சொன்னதாக எடுத்துக்கொள்ள முடியாது.

வித்தியாசம் வேறு, வளர்ச்சி வேறு

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு பாத்தியில் நூறு செடிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தண்ணீர் பாய்கிறது. ஆறு மாதம் கழித்து உயரத்தை அளந்தால் சில செடிகள் உயரமாகவும் சில குட்டையாகவும் இருக்கும். ஏன் இந்த வித்தியாசம்? விதை, அடி மண், வெயில் என்று காரணங்கள் வரும். தண்ணீர் அந்தப் பட்டியலில் வரவே வராது. ஏனென்றால் தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு போயிருக்கிறது. அதற்காகத் தண்ணீரால்தான் செடிகள் வளர்ந்தன என்பது பொய்யாகிவிடுமா? தண்ணீரை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கோல்மன் அளந்தது உயர வித்தியாசத்தை. அதாவது, பிள்ளைகளுக்கு இடையே இருக்கும் இடைவெளிக்கு எது காரணம் என்பதை. பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து எவ்வளவு வளர்ந்தார்கள், அந்த வளர்ச்சியில் பள்ளியின் பங்கு எவ்வளவு என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி அல்ல. ஒரு நாட்டில் பள்ளிகள் எவ்வளவுக்கு எவ்வளவு ஒரே தரத்தில் இருக்கின்றனவோ, அவ்வளவுக்கு அவ்வளவு இந்த மாதிரிக் கணக்கில் பள்ளியின் பங்கு சிறியதாகத் தெரியும். பள்ளிகள் சமமாக இருப்பதன் அடையாளமே, பள்ளிக்கு மதிப்பில்லை என்பது போலத் தோற்றம் தருகிறது.

இதற்கு உலக அளவில் ஒரு சான்று உண்டு. 1983இல் ஸ்டீபன் ஹெய்னமன், வில்லியம் லாக்ஸ்லி என்ற இருவர் 29 நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டார்கள். வசதியான நாடுகளில் கோல்மன் சொன்னது போலக் குடும்பத்தின் பங்கு பெரிதாகத் தெரிந்தது. வருமானம் குறைந்த நாடுகளில் தலைகீழ். அங்கே பள்ளியின் தரமும் ஆசிரியரின் தரமும்தான் முன்னால் நின்றன. சில பள்ளிகளுக்குத் தண்ணீர் பாய்ந்தது, சிலவற்றுக்குப் பாயவில்லை. அதனால் தண்ணீரின் பங்கு கண்ணுக்குத் தெரிந்தது. 1990களின் தரவுகளை வைத்துப் பின்னால் வந்தவர்கள் பார்த்தபோது இந்த வேறுபாடு மங்கியிருந்தது. அடிப்படைத் தரத்திலான பள்ளிகள் ஏழை நாடுகளிலும் பரவியது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

ஆக, இனி யாராவது "குடும்பத்தின் பங்கு இத்தனை சதவீதம்" என்று சொன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எதில் பங்கு? வித்தியாசத்திலா, வளர்ச்சியிலா?

கதவு மூடியபோது தெரிந்தது

தண்ணீரை நிறுத்திப் பார்க்கும் சோதனையை யாரும் வேண்டுமென்றே செய்ய மாட்டார்கள். ஆனால் ஆண்டுதோறும் கோடை விடுமுறை அதைக் கொஞ்சம் செய்கிறது. 2020இல் பெருந்தொற்று அதை மிகப் பெரிய அளவில் செய்துவிட்டது.

கோடை விடுமுறைக் கதை முதலில். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1982இல் முதல் வகுப்பில் சேர்ந்த சுமார் 800 பிள்ளைகளை ஓர் ஆய்வுக் குழு பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பள்ளி நடக்கும் மாதங்களில் வசதியான வீட்டுப் பிள்ளையும் வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் முன்னேறினார்கள். இடைவெளி கூடியது பெரும்பாலும் விடுமுறையில். இந்த முடிவு மிகவும் பிரபலமானது. ஆனால் 2019இல் பால் வான் ஹிப்பல் என்பவரும் அவருடைய கூட்டாளியும் அதை மறுபடி சோதித்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. எந்தத் தேர்வை வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடுமுறை இடைவெளி கூடவோ மறையவோ செய்தது. அவர்கள் உறுதியாகச் சொன்னது, இடைவெளியின் பெரும் பகுதி முதல் வகுப்புக்கு வருவதற்கு முன்பே உருவாகிவிடுகிறது என்பதைத்தான். விடுமுறையில் பிள்ளைகள் எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள் என்று, பழைய முடிவை எடுத்துப் பேசியவர்கள் கொஞ்சம் பயமுறுத்தியே விட்டார்கள். அந்த அளவுக்குப் பயம் தேவையில்லை.

பெருந்தொற்றுக் காலத்தின் சான்று இதைவிடத் தெளிவானது. உச்சத்தில் உலகம் முழுக்க சுமார் 160 கோடி மாணவர்களுக்குப் பள்ளி இல்லை. அதில் நெதர்லாந்தின் அனுபவம் தனியாகக் கவனிக்க வேண்டியது. அங்கே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை நாடு தழுவிய தேர்வு உண்டு. 2020இல் ஒன்று பள்ளிகள் மூடுவதற்குச் சற்று முன்னும், இன்னொன்று திறந்த பிறகும் வந்தது. பள்ளி மூடியிருந்தது 8 வாரங்கள் மட்டுமே. வீடுகளில் இணைய வசதி உலகிலேயே மிகச் சிறந்த நாடுகளில் ஒன்று அது. இருந்தும், சுமார் 3,50,000 பிள்ளைகளின் மதிப்பெண்களைப் பார்த்தபோது, ஏற்பட்ட இழப்பு ஏறக்குறைய ஒரு கல்வியாண்டின் ஐந்தில் ஒரு பங்கு. பள்ளி மூடியிருந்ததும் கிட்டத்தட்ட அவ்வளவு காலம்தான். அதாவது வீட்டில் இருந்தபடி படித்த நாட்களில் சராசரிப் பிள்ளை முன்னேறியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் இழப்பு 60 சதவீதம் வரை கூடுதல்.

இரண்டு விஷயங்களையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கதவு மூடியதும் எல்லோருடைய வளர்ச்சியும் நின்றது. அது பள்ளி செய்யும் வேலை. சிலருக்கு இழப்பு அதிகம், சிலருக்குக் குறைவு. அது வீடு செய்யும் வேலை. இரண்டும் ஒன்றை ஒன்று மறுப்பதில்லை.

வீட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?

"வீட்டுச் சூழல்" என்பது வசதியான சொல். அதற்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தால்தான் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் பயன்.

பலரும் கேள்விப்பட்டிருக்கக்கூடியது 'மூன்று கோடிச் சொற்கள்' கதை. பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 42 குடும்பங்களுக்கு மாதம் ஒரு மணி நேரம் என்று இரண்டரை ஆண்டுகள் போய், பிள்ளையின் காதில் விழும் பேச்சைப் பதிவு செய்தார்கள். 1995இல் வெளியான முடிவு இதுதான்: நான்கு வயதுக்குள் படித்த பெற்றோரின் பிள்ளை கேட்கும் சொற்களுக்கும், அரசின் உதவித்தொகையில் வாழும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை கேட்கும் சொற்களுக்கும் இடையே மூன்று கோடி வித்தியாசம். ஆனால் அந்த 42 குடும்பங்களில் உதவித்தொகையில் வாழ்ந்தவை ஆறே ஆறு. முன்பின் தெரியாத ஆய்வாளர் ஒலிப்பதிவுக் கருவியோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் யார்தான் இயல்பாகப் பேசுவார்கள்? பிற்பாடு வேறு சமூகங்களில், சுற்றியிருக்கும் பாட்டி, அண்ணன், அக்கா எல்லோருடைய பேச்சையும் சேர்த்து எண்ணியவர்களுக்கு அந்த இடைவெளி அப்படித் தெரியவில்லை.

அப்படியானால் வீட்டுப் பேச்சு முக்கியமில்லையா? முக்கியம்தான், ஆனால் எண்ணிக்கை மட்டும் அல்ல. 2018இல் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகள் 36 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், பிள்ளையும் பெரியவரும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் தடவைகளுக்கும், கதை கேட்கும்போது மூளையின் மொழிப் பகுதி இயங்கும் விதத்துக்கும் தொடர்பு தெரிந்தது. குடும்ப வருமானத்தைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அது நின்றது. சிறிய ஆய்வு, கடைசி வார்த்தை அல்ல. ஆனால் பிள்ளையிடம் கேள்வி கேட்டு, அது பதில் சொல்லும்வரை காத்திருப்பதற்குக் காசு வேண்டாம். பொறுமை வேண்டும், நேரம் வேண்டும். இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவில் வீடு திரும்பும் தாயிடம் இல்லாதது நேரம்தான். பாசத்துக்குக் குறைவில்லை.

பெஞ்சின் ஓரத்தில் உட்காரும் தாய்

இதைக் கிட்டத்தில் பார்க்க ஒரு பெற்றோர் கூட்டம் போதும்.

ஒரு தாய் வருகிறார். பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்போடு உட்காருகிறார். "பையன் ஒழுங்கா இருக்கானா டீச்சர்? சொன்ன பேச்சு கேக்கலைன்னா நீங்களே கண்டிச்சு வையுங்க" என்கிறார். வேறு கேள்வி இல்லை. இரண்டே நிமிடத்தில் எழுந்துவிடுகிறார். அவருக்கு அடுத்து வருகிறவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பின்னத்தில் அவன் எங்கே தடுமாறுகிறான், எந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குவது, முன் வரிசையில் உட்கார வைக்க முடியுமா என்று இருபது நிமிடம் பேசுகிறார். மாலையில் ஆசிரியர் ஓய்வறையில் என்ன பேசப்படும்? இரண்டாமவருக்கு அக்கறை இருக்கிறது, முதலாமவருக்கு இல்லை என்றுதான்.

சமூகவியலாளர் அனெட் லாரோ, 2003இல் வெளியிட்ட தன் ஆய்வில் இந்த இடத்தைத்தான் தொட்டார். பன்னிரண்டு குடும்பங்களோடு நெருங்கிப் பழகிப் பார்த்தவர் அவர். வசதியான வீடுகளில் பிள்ளைக்கு ஒரு பழக்கம் ஊட்டப்படுகிறது: அதிகாரத்தில் இருப்பவரிடம் கேள்வி கேள், உனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கு. மருத்துவரிடம் போகும் வழியிலேயே, அவரிடம் கேட்க வேண்டியதை யோசித்து வைத்துக்கொள் என்று மகனிடம் ஒரு தாய் சொல்கிறார். உழைக்கும் வர்க்கத்து வீடுகளில் வேறு மரபு: படிப்பு ஆசிரியரின் வேலை, அவருக்குத் தெரியாதது நமக்குத் தெரியுமா, குறுக்கே பேசுவது மரியாதை இல்லை. இரண்டு வீட்டிலும் அன்பு ஒன்றுதான். ஆனால் பள்ளி என்ற அமைப்பு முதல் வகைப் பழக்கத்துக்குப் பலன் கொடுக்கிறது, இரண்டாவதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறது.

ஆசிரியர்கள் மனதில் வைக்க வேண்டிய விஷயம் இது என்று எனக்குப் படுகிறது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்த அந்தத் தாய் நமக்குக் கொடுத்தது முழு நம்பிக்கை. அதை நாம் அலட்சியம் என்று எழுதிவிடக் கூடாது.

ஆசிரியர் வீட்டுக்குப் போனால்

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டூசான் நகரில் லூயிஸ் மோல் என்பவரும் அவருடைய குழுவினரும் திசையைத் திருப்பினார்கள். பெற்றோரைப் பள்ளிக்கு வரச் சொல்வதற்குப் பதில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். புகார் சொல்லவோ அறிவுரை சொல்லவோ போகவில்லை, தெரிந்துகொள்ளப் போனார்கள். பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த உழைப்பாளிக் குடும்பங்கள். விவசாயம், கட்டடவேலை, சுரங்கம், வண்டி பழுதுபார்ப்பு, மூலிகை வைத்தியம், எல்லை தாண்டிய சிறு வியாபாரம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அறிவுச் சேமிப்பு இருந்தது. அக்கம்பக்கத்தில் மிட்டாய் விற்கும் ஒரு மாணவனைப் பற்றித் தெரிந்துகொண்ட ஆசிரியர், மிட்டாயையே பாடமாக்கினார். சேர்மானங்களை ஒப்பிடுவது, கணக்கு, வியாபாரம் எல்லாம் அதற்குள் வந்தன. ஒரு தாய் வகுப்புக்கே வந்து மிட்டாய் செய்து காட்டினார்.

அந்த வகுப்பில் மாறியது பாடம் மட்டுமல்ல. இந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன இல்லை என்று கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியர், என்ன இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினார்.

ஆசிரியருக்கும் ஒரு வீடு இருக்கிறது

இதையெல்லாம் படிக்கிற ஓர் ஆசிரியருக்கு நியாயமாகவே கோபம் வரும். வீட்டுக்குப் போகச் சொல்கிறீர்கள், எப்போது போவது?

கணக்குப் போடுவோம். வகுப்புக்கு 40 பேர். ஒரு கட்டுரை நோட்டைத் திருத்த 5 நிமிடம். 40 நோட்டுக்கு 200 நிமிடம், அதாவது மூன்று மணி நேரத்துக்கும் மேல். இப்படி மூன்று வகுப்பு இருந்தால் ஒரே ஒரு கட்டுரைக்குப் பத்து மணி நேரம். பாட வேளையில் இதைச் செய்ய முடியாது. அது ஆசிரியரின் வீட்டுக்குப் பையில் போகிறது. இரவு பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிற அம்மாவிடம் சொந்த மகள் தன் நோட்டை நீட்டுகிறாள். "ரெண்டு நிமிஷம் இரும்மா." அந்த இரண்டு நிமிடம் வருவதற்குள் மகள் தூங்கிவிடுகிறாள். ஊர்ப் பிள்ளைகளிடம் மாறி மாறிப் பேசுவது எவ்வளவு முக்கியம் என்று அறிந்தவருக்குத் தன் பிள்ளையிடம் பேச நேரமில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975இல் சொன்னது: பள்ளிப் படிப்பை முடிக்கும்போது ஒருவர் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்திருப்பார். வேறு எந்தத் தொழிலையும் நாம் இவ்வளவு பார்ப்பதில்லை. ஆனால் பார்த்தது முழுக்க மாணவர் இருக்கையிலிருந்து. பாடம் நடத்துவது தெரியும். முந்தைய இரவு தயாரித்தது, நோட்டு திருத்தியது, ஒரு பிள்ளையின் அழுகையை மனதில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனது எதுவும் தெரியாது.

ஜப்பான் இதற்கு நல்ல உதாரணம். 2018இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு நடத்திய ஆசிரியர் கணக்கெடுப்பில், அங்குள்ள கீழ்நிலை இடைநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரம் 56 மணி நேரம் வேலை செய்வதாகச் சொன்னார்கள். கலந்துகொண்ட நாடுகளிலேயே மிக அதிகம். அதில் பாடம் நடத்தியது 18 மணி மட்டும். மீதி நேரம் அலுவலக வேலை, விளையாட்டு, கலைக் குழுக்களை நடத்துவது போன்றவற்றுக்குப் போனது. அங்கே 1971இல் வந்த சட்டப்படி பொதுப் பள்ளி ஆசிரியருக்குக் கூடுதல் நேர ஊதியம் கிடையாது; அதற்குப் பதில் சம்பளத்தில் 4 சதவீதம் சேர்த்துக் கொடுத்தார்கள். 1966இல் ஆசிரியர்கள் மாதம் சராசரியாக 8 மணி நேரம்தான் கூடுதலாக வேலை பார்த்தார்கள் என்ற கணக்கை வைத்து முடிவான விகிதம் அது. வேலை பல மடங்கு கூடியும் விகிதம் அரை நூற்றாண்டு அசையவில்லை. 2025இல்தான் அதைப் படிப்படியாக 10 சதவீதமாக உயர்த்தச் சட்டம் வந்தது.

இதோடு கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சுமையும் உண்டு. உள்ளே என்ன உணர்ந்தாலும், வேலைக்குத் தேவையான உணர்வை முகத்தில் வைத்திருப்பதும் உழைப்புதான் என்று ஆர்லி ஹோக்ஸ்சைல்ட் 1983இல் எழுதினார். விமானப் பணிப்பெண்களைப் பார்த்து அவர் சொன்னதை ஆசிரியர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். கிறிஸ்டினா மாஸ்லாக் பணிச் சோர்வை மூன்று அடையாளங்களாகப் பிரித்தார்.

1. உணர்வு வற்றிப்போவது. காலையில் எழும்போதே களைப்பு.

2. மனிதர்களை எண்களாகப் பார்ப்பது. "அந்தக் கடைசி பெஞ்சு கும்பல்" என்று பேச ஆரம்பிப்பது.

3. செய்த வேலையால் எந்தப் பயனும் இல்லை என்ற எண்ணம்.

மூன்றாவதைக் கவனியுங்கள். "எல்லாம் வீட்டைப் பொறுத்தது" என்ற வாக்கியம் நேராகப் போய்ச் சேரும் இடம் அதுதான். யுனெஸ்கோ 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2030க்குள் உலகுக்கு இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போகும் விகிதம் 2015இல் 4.62 சதவீதம், 2022இல் 9.06 சதவீதம்.

எதை மாற்றினால் எது மாறும்

வகுப்பின் அளவைக் குறைப்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை 79 பள்ளிகளில், பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். 13 முதல் 17 பேர் இருந்த வகுப்பில் படித்தவர்கள், 22 முதல் 25 பேர் இருந்த வகுப்பில் படித்தவர்களை விட முன்னேறினார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வசதி குறைந்தவர்களுக்கும் பலன் அதிகம். பெரிய வகுப்பிலேயே உதவியாளர் ஒருவரைப் போட்டுப் பார்த்தபோது பெரிய மாற்றம் இல்லை. சரி, உடனே எல்லா இடத்திலும் செய்துவிடலாமா? 1996இல் கலிபோர்னியா அவசரமாகச் செய்தது. ஒரே நேரத்தில் ஏராளமான புது ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். முழுத் தகுதி பெறாதவர்களை நியமிக்க வேண்டியதாயிற்று, அதிலும் ஏழைப் பகுதிப் பள்ளிகளில். ஆசிரியரைத் தயார் செய்யாமல் வகுப்பை மட்டும் சிறியதாக்கினால், பலன் போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் போகாது.

வீட்டுப்பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஹாரிஸ் கூப்பரும் அவருடன் இருந்தவர்களும் 2006இல் தொகுத்த ஆய்வுகளின்படி, 7ஆம் வகுப்புக்கு மேல் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தெளிவான தொடர்பு உண்டு. சின்ன வகுப்புகளில் மிகக் குறைவு. சின்னப் பிள்ளைக்கு மூன்று பக்கம் எழுதக் கொடுப்பதால் கிடைப்பது பெரும்பாலும் வீட்டில் ஒரு சண்டைதான்.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று. மேத்யூ கிராஃப்ட், டாட் ராஜர்ஸ் இருவரும் 2015இல் வெளியிட்ட சோதனை அது. பாடத்தில் தவறிய உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மீண்டும் படித்துத் தேறுவதற்கான ஒரு கோடைகால வகுப்பு. குலுக்கலில் தேர்ந்த சிலருடைய பெற்றோருக்கு, ஆசிரியர் எழுதிய ஒரே ஒரு வரி வாரம் ஒரு முறை போனது. முடிவில், வரி போகாத குழுவில் தேறாமல் போனவர்கள் 15.8 சதவீதம், வரி போன குழுவில் 9.3 சதவீதம். பாராட்டு வரியும் அனுப்பினார்கள், "இந்த வாரம் இதைச் சரி செய்ய வேண்டும்" என்ற வரியும் அனுப்பினார்கள். அதிகம் வேலை செய்தது இரண்டாவது வகை. அந்த வரி வீட்டில் ஒரு பேச்சைத் தொடங்கி வைத்தது. பிள்ளையிடம் எதைக் கேட்பது என்று பெற்றோருக்குத் தெரிந்தது.

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்த தாய்க்குக் கிடைக்காமல் போனது இந்த ஒரு வரிதான். "பின்னத்தில் கீழே இருக்கும் எண்ணை அவன் கவனிப்பதில்லை, இந்த வாரம் அதை மட்டும் கேளுங்கள்" என்று சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும் "கீழ எழுதுற எண்ணைப் பார்த்தியாடா?" என்று கேட்க முடியும்.

ஒரு வரிக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் 40 பிள்ளைகளுக்கு 40 நிமிடம், அதாவது ஒரு பாட வேளை. ஆசிரியரின் கால அட்டவணையில் வாரத்துக்கு ஒரு வேளை இதற்கென்று எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்படி எழுதாமல் "பெற்றோரோடு தொடர்பில் இருங்கள்" என்று சுற்றறிக்கை மட்டும் அனுப்பினால், அந்த 40 நிமிடமும் சாப்பாட்டு மேசையில் நோட்டோடு காத்திருக்கிற மகளின் கணக்கிலிருந்துதான் கழியும்.